ஏழெட்டு

சென்ற மாதம் ஒரு நாள், தோட்டத்துக் கிணற்று மோட்டார் மக்கர் செய்ததால் அதைத் தூக்கிக்கொண்டு கணபதியில் இருக்கும் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். பட்டறை என் நண்பனுடையது. நாங்கள் இருவரும் கல்லூரியில் இரண்டு வருஷம் ஒரே மேஜையில் நின்று பௌதிகச் சோதனை செய்தவர்கள். அவன் பாதியில் படிப்பை நிறுத்திவிட்டு மாமாவின் லேத்துப் பட்டறையில் சேர்ந்தான். நானும் அதற்கு மேல் படிக்காமல் கதை எழுதப் போனேன். கோயமுத்தூர்க்காரர்கள் இந்த இரண்டில் எதைத் தொழில் என்று ஒப்புக்கொள்வார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நண்பன் ஏதோ சாமான் வாங்க வெளியே போயிருந்தான். காத்திருந்த நேரத்தில் லேத்தின் பக்கம் போய் நின்றேன். ஓர் இளைஞர் இரும்புத் தண்டு ஒன்றைக் கடைந்துகொண்டிருந்தார். நாலு நிமிஷத்துக்கு ஒரு தரம் லேத்தை நிறுத்தி, மைக்ரோமீட்டரை வைத்துப் பார்ப்பதும், தலையை ஆட்டிக்கொள்வதும், மறுபடி கடைவதுமாக இருந்தார். எதிரே சுவரில் அந்தத் தண்டின் படம் ஒட்டியிருந்தது. இருபத்தைந்து மில்லிமீட்டர் என்று ஓர் எண். அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு கூட்டல் குறி, ஒரு கழித்தல் குறி, அவற்றுக்கு எதிரே மிகச் சிறிய இரண்டு எண்கள்.

"தம்பி, இதென்ன இந்தக் கூட்டல் கழித்தல்?" என்று கேட்டேன்.

"அது ஆட்டமுங்கண்ணா. இருபத்தஞ்சுன்னா அப்படியே இருபத்தஞ்சு ஒருத்தருக்கும் வராதுங்க. எத்தனை கூடலாம், எத்தனை கொறையலாம்னு போட்டிருக்காங்க. அதைப் போடாம வெறும் இருபத்தஞ்சுன்னு குடுத்தா, அதை வெச்சு வேலை செய்ய முடியாதுங்க" என்றார் அவர், தண்டிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அவருக்கு அது மிகச் சாதாரணமான பேச்சு. எனக்கு யாரோ முதுகில் தட்டிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. அந்தச் சின்னக் குறி சம்பந்தமாக அந்தப் பட்டறைச் சொந்தக்காரனுக்கு நான் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக ஒரு கடன் வைத்திருக்கிறேன்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் எங்களுக்குக் கொடுத்த முதல் சோதனைகளில் ஒன்று தனி ஊசல். ஒரு நூலில் பித்தளைக் குண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு மெல்ல ஆட்டிவிட வேண்டும். இருபது தரம் போய் வருவதற்கு எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். நூலின் நீளமும் அந்த நேரமும் தெரிந்தால், பூமி பொருள்களைத் தன் பக்கம் இழுக்கும் வேகம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். ஒரு முழ நூலையும் ஒரு குண்டையும் வைத்துக்கொண்டு பூமியையே எடை போடுகிற மாதிரியான காரியம் இது. பதினேழு வயதில் அதன் அழகு எங்களுக்குத் தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் விடை ஒன்றுதான். புத்தகத்தில் 981 என்று போட்டிருந்தது. கரும்பலகையின் மூலையிலும் யாரோ எப்போதோ எழுதிய 981 அழியாமல் கிடந்தது.

நூறு சென்டிமீட்டர் நூலில் என் நண்பன் ஐந்து தடவை பார்த்தான். ஐந்தில் ஒரு வினாடி வரை காட்டும் கடிகாரம். 40.2, 40.4, 40.2, 40.4, 40.4 என்று வந்தது. கணக்குப் போட்டான், 971 வந்தது. அப்படியே எழுதினான். எனக்கும் கிட்டத்தட்ட அதே எண்கள்தான் வந்தன. நான் அவற்றை எழுதவில்லை. வகுப்பில் அநேகம் பேர் செய்ததையே செய்தேன். 981-லிருந்து புறப்பட்டுக் கணக்கைத் தலைகீழாகப் போட்டேன். சராசரி 40.12 வந்தால் விடை சரியாக வரும் என்று தெரிந்தது. உடனே 40.0, 40.2, 40.2, 40.0, 40.2 என்று ஐந்து எண்களை எழுதினேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமே என்று கொஞ்சம் கலைத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் கற்பனை அதுதான். கதையில் நம்பகத்தன்மை என்று விமரிசகர்கள் சொல்கிறார்களே, அந்தப் பாடத்தை நான் அங்கேதான் படித்தேன்.

என் நோட்டில் 'நன்று' என்று வந்தது. அவன் நோட்டில் 971-ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'கவனமின்மை' என்று எழுதியிருந்தது.

இதுவரை நான் செய்தது ஊசலுக்குச் செய்த துரோகம். ஊசல் அதைப் பொருட்படுத்தாது. பிறகு செய்ததுதான் எனக்கு மறக்கவில்லை. வெளியே வரும்போது அவன், "உனக்கு மட்டும் எப்படிடா வந்துது?" என்று கேட்டான். ஏளனமில்லை, பொறாமையுமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டான். நான், "கவனமாப் பண்ணினேன்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையில் நான் பொய் சொன்னதோடு அவனைப் பற்றிய ஒரு பொய்த் தீர்ப்புக்கும் சாட்சியாகிவிட்டேன். அடுத்த நாலு சாயங்காலம் அவன் அட்டெண்டரைக் கெஞ்சி, பூட்டுகிற நேரம் வரை அந்தக் குண்டை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். 40.2-ம் 40.4-மாகவே வந்துகொண்டிருந்தது.

அதற்கு வெகுகாலம் பின்னால், வேறு ஏதோ தேவைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் தெரியவந்தது. கோயமுத்தூரில் பூமியின் இழுப்பு 981 இல்லை. 978-க்குச் சற்று மேலே, அவ்வளவுதான்.

காரணம் எளிது. பூமி தன்னைத்தானே சுற்றுகிறது. நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சுழற்சி, இழுப்பில் கொஞ்சத்தைத் தின்றுவிடுகிறது. அதோடு பூமி நடுவில் சற்றுப் பருத்திருக்கிறது. ஆகவே நடுக்கோட்டுக்காரர்கள் பூமியின் மையத்திலிருந்து துருவத்தில் இருப்பவர்களைவிடத் தள்ளி இருக்கிறார்கள். நம் ஊர் நடுக்கோட்டிலிருந்து பதினொரு டிகிரியில் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நானூறு மீட்டர் உயரத்தில் வேறு இருக்கிறது. 981 என்பது லண்டன், பாரிஸ் ஆகிய ஊர்களின் கணக்கு. உலகப் பொதுவுக்காக 1901-ல் ஒப்புக்கொண்ட 980.665-ம் நாற்பத்தைந்து டிகிரிப் பக்கத்துக் கணக்குதான். அதைத்தான் எங்கள் கரும்பலகையில் எழுதி வைத்திருந்தார்கள்.

இது யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. 1672-ல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர் வானத்தை ஆராய்வதற்காகத் தென் அமெரிக்காவில் கயேன் என்ற ஊருக்குப் போனார். அதுவும் நடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர். பாரிஸில் சரியாக ஓடிய அவருடைய ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்கு இரண்டரை நிமிஷம் போலப் பின்தங்கியது. ஊசலின் நீளத்தைக் கொஞ்சம் குறைத்த பிறகுதான் சரியாக ஓடிற்று. அவர் அதை அப்படியே எழுதினார். பாரிஸில் சிலர் அவருடைய கவனத்தைத்தான் சந்தேகித்தார்கள். நியூட்டன் சந்தேகிக்கவில்லை. பூமி நடுவில் பருத்திருக்கிறது என்பதற்கு அதை ஓர் ஆதாரமாக 1687-ல் வெளியான தமது பெருநூலில் எடுத்துக்கொண்டார். நம் சென்னையிலேயே, நுங்கம்பாக்கத்து வான ஆராய்ச்சி நிலையத்தில் ஜான் கோல்டிங்ஹாம் 1821-ல் ஊசல் ஆட்டிப் பார்த்தார். வினாடிக்கு ஒரு தரம் தட்டுவதற்கு லண்டனில் ஊசல் 39.14 அங்குலம் இருக்க வேண்டும், சென்னையில் 39.03 அங்குலம் போதும். இருநூறு வருஷத்துக்கு முன்பே நம் மண்ணின் கணக்கு அச்சாகிவிட்டது. அதைப் பார்க்காமல் நாங்கள் சீமைக் கணக்கைக் காப்பியடித்துக்கொண்டிருந்தோம்.

ஆக, நான் பொய் சொல்லி அடைந்த அந்தச் 'சரியான விடை' சரியான விடையே இல்லை. பொய் சொல்லித் தப்புக்குப் போய்ச் சேர்ந்திருந்தேன்.

இங்கே வாசகர்கள் ஒன்று கேட்கலாம். "சரி, உன் நண்பனுக்கு மட்டும் 978 வந்துவிட்டதா? 971 தானே வந்தது? அவன் உன்னைவிட இன்னும் தள்ளித்தானே இருந்தான்?"

நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரை எழுதுவதற்கே காரணம் அதுதான்.

அவன் கடிகாரத்தை ஒரு நொடி முன்னே பின்னே அமுக்கியிருப்பான். மனிதக் கை அப்படித்தான். இருபது ஆட்டத்துக்குச் சேர்த்து ஐந்தில் ஒரு வினாடி தவறினான் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வினாடியில் அது இருநூற்றில் ஒரு பங்கு. கணக்கில் நேரத்தை நேரத்தால் பெருக்க வேண்டியிருப்பதால் விடையில் அது இரட்டிப்பாகி நூற்றில் ஒன்றாகிவிடும். ஆகவே அவன் எழுதியிருக்க வேண்டியது, '971. இதில் பத்து கூடலாம், பத்துக் குறையலாம்' என்பதுதான். அதாவது 961-லிருந்து 981-க்குள் எங்கேயோ. அந்த அகலத்துக்குள் கோயமுத்தூரின் 978-ம் இருக்கிறது. புத்தகத்தின் 981 கூட ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நூலும் அந்தக் கடிகாரமும் அந்த இரண்டுக்கும் இடையே தீர்ப்புச் சொல்லும் சக்தி உடையவை அல்ல. சக்தி இல்லாத இடத்தில் அவை தீர்ப்புச் சொல்லவுமில்லை. அவன் எழுதிய எண்ணுக்கு ஒரு அகலம் இருந்தது. அந்த அகலத்தை எழுத வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் குறை. என்னுடைய 981-க்கோ அகலமே கிடையாது. அது எந்த ஊசலிலிருந்தும் பிறக்கவில்லை.

பாடப் புத்தகங்கள் இந்த அகலத்தைப் 'பிழை' என்று சொல்கின்றன. தமிழில் பிழை என்றால் குற்றம் என்றும் அர்த்தம் உண்டு. அதனால்தான் பையன்கள் அதை மறைக்கப் பார்க்கிறார்கள் போலும். அளந்தவன் செய்த குற்றம் எதுவும் அதில் இல்லை. இதற்கு மேல் எனக்குத் தெரியாது என்று அவன் போடுகிற வேலிதான் அது.

நம் ஊர்ச் சனங்களுக்கு இது தெரியாத விஷயமில்லை. சந்தைக்குப் போய் வந்தவரிடம், "மாடு எத்தனை வந்துது?" என்று கேட்டால், "ஏழெட்டு ஜோடி இருக்குமுங்க" என்பார். ஏழெட்டு! எத்தனை அருமையான வார்த்தை! ஏழு என்றும் சொல்லவில்லை, எட்டு என்றும் சொல்லவில்லை. ஆறு இல்லை, பத்து இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லிவிட்டார். ரெண்டு மூணு, நாலஞ்சு, பத்துப் பன்னிரண்டு என்று நம் பாஷையில் எத்தனை இருக்கின்றன பாருங்கள்! 'பத்துப் பன்னிரண்டு' என்பதன் அகலம் 'நாலஞ்சு' என்பதன் அகலத்தைவிடப் பெரியது. எண் பெருத்தால் சந்தேகமும் பெருக்கும் என்பதுகூட அதில் அடங்கியிருக்கிறது. பள்ளிக்கூடம் போகாத கிழவருக்கு இருந்த இந்த நாணயத்தை நாங்கள் கல்லூரிக்குப் போய்த் தொலைத்தோம்.

கோயமுத்தூர் மில்களில் வேலை பார்த்தவர்களுக்கும் இது தெரியும். நாற்பதாம் நம்பர் நூல் என்றால், ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டம் நாற்பது இருக்க வேண்டும் என்று கணக்கு. ஆனால் எடுத்து எடை போட்டுப் பார்த்தால் ஒன்று முப்பத்தொன்பதரை இருக்கும், இன்னொன்று நாற்பதரை இருக்கும். ஆகையால் பல இடத்தில் எடுத்து, பல தடவை எடை போட்டு, சராசரி என்ன, அது எவ்வளவு அலைகிறது என்று இரண்டையும் பார்க்கிறார்கள். சராசரி நாற்பதாக இருந்தாலும் அலைச்சல் அதிகமானால் அந்த நூல் தறியில் அறுந்துவிடும். அலைச்சலை மறைத்துச் சராசரியை மட்டும் சொல்கிறவரிடம் நூல் வாங்குகிறவர் ஏமாந்துதான் போவார்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் எல்லாவற்றுக்கும் சுமார், சுமார் என்று சொல்லிவிட்டால் சத்தியவானாகிவிடலாமோ?" என்று ஒருவர் மடக்கலாம். கடன் வாங்கியவர், "சுமார் அடுத்த மாசம்" என்கிறார். வாக்குக் கொடுத்தவர், "முடிந்தவரை" என்கிறார். இதுவும் ஏழெட்டுத்தானே?

இல்லை. அகலத்தை நம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் இதில் கடினமான பகுதி. அதையும் உழைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஐந்து தடவை பார்த்து, ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகிறது என்று கவனித்து, கருவி எவ்வளவு நுட்பமாகக் காட்டும் என்று விசாரித்து, அதன் பிறகு சொல்ல வேண்டும். தெரிந்ததைவிட அகலத்தைக் குறைத்துச் சொன்னால் அது கர்வம். தெரிந்ததைவிட அகட்டிச் சொன்னால் அது நழுவல். இரண்டும் பொய்தான். மாட்டுச் சந்தைக்குப் போகாமலே 'ஏழெட்டு' என்று சொல்கிறவர் என் கட்சிக்காரர்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஊசலின் நீளத்தைக் குண்டின் நடுமையம் வரை அளக்க வேண்டும். ஒருவர் நூல் முடிகிற இடத்தோடு நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறுக்குப் பதில் தொண்ணூற்றொன்பது என்று எழுதுவார். விடையில் பத்துக் குறைந்துவிடும். அவர் ஆயிரம் தடவை ஆட்டிப் பார்த்தாலும் அந்தப் பத்துத் திரும்பி வராது. எண்கள் ஒன்றோடொன்று வெகு அழகாக ஒத்துப்போகும். ஆனால் எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் தவறியிருக்கும். கை நடுங்குவதால் வரும் விலகலைத் திரும்பத் திரும்பப் பார்த்துத் தேய்த்துவிடலாம். தொடங்கிய இடமே கோணல் என்றால் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் கோணல்தான் உறுதிப்படும். ஒரு சாதியைப் பற்றியோ, ஒரு மருமகளைப் பற்றியோ முப்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன் என்று ஆரம்பிக்கிற பெரியவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஊசல்தான் ஞாபகம் வருகிறது. முப்பது வருஷமும் குண்டின் தலையிலிருந்தே அளந்துகொண்டிருந்தால் என்ன செய்வது? அதைக் கண்டுபிடிக்க வேறொருவர், வேறொரு கோலோடு வர வேண்டும்.

பெரிய மேதைகளுக்கும் இதிலிருந்து தப்பில்லை. அமெரிக்கரான மில்லிகன் எண்ணெய்த் துளிகளை வைத்து எலெக்ட்ரானின் மின்சுமையை அளந்தார். 1923-ல் நோபல் பரிசும் பெற்றார். காற்றின் பிசுபிசுப்புக்கு அவர் எடுத்துக்கொண்ட அளவு சற்றுத் தவறு. அதனால் அவர் விடை கொஞ்சம் குறைவாக இருந்தது. அவருக்குப் பிறகு அளந்தவர்கள் ஒரேயடியாகச் சரியான எண்ணுக்குப் போய்விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறித்தான் போனார்கள். மில்லிகனைவிட ரொம்ப அதிகமாக வந்தால் தங்களிடம்தான் ஏதோ தப்பு என்று துருவித் தேடினார்கள்; அவருக்கு அருகில் வந்தால் அவ்வளவாகத் தேடவில்லை. ஃபைன்மன் என்ற பௌதிக அறிஞர் 1974-ல் மாணவர்களுக்குப் பேசும்போது இதைத்தான் எடுத்துச் சொல்லி எச்சரித்தார். மேதைகளின் சோதனைச் சாலையிலும் கரும்பலகையின் மூலையில் ஒரு 981 இருந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஒருவர் நம் பக்கம் வந்து போயிருக்கிறார். வில்லியம் லாம்ப்டன் 1802-ல் சென்னைப் பரங்கிமலை அடிவாரத்தில் ஏழரை மைல் தூரத்தை நூறு அடி எஃகுச் சங்கிலியால் அளந்து, இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளக்கும் வேலையை ஆரம்பித்தார். ஐம்பத்தேழு நாள் பிடித்தது. வெயிலில் சங்கிலி நீளும் என்பதற்காகப் பக்கத்திலேயே உஷ்ணமானி வைத்துப் பார்த்துக் கழித்தார். பத்து டிகிரி சென்டிகிரேடு ஏறினால் நூறு அடிச் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஏழரை மைலில் அது ஒன்றரை மீட்டராகிவிடும். சென்னையிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே போய், 1804-ல் பெங்களூரில் மறுபடி சங்கிலி வைத்து அளந்து ஒப்பிட்டபோது, ஏழு மைல் தூரத்தில் கணக்குக்கும் அளவுக்கும் நாலு அங்குலத்துக்குக் குறைவாக வித்தியாசம் வந்தது. அந்த வித்தியாசத்தை அவர் வெளியிட்டார். அதோடும் திருப்திப்படாமல் 1806-ல் நம் கோயமுத்தூர்ச் சீமைக்கு வந்து, அவர் ஆங்கிலத்தில் 'புட்சபாளியம்' என்று எழுதிய ஊரில் இன்னொரு கோடு அளந்தார். அவரைச் சரி பார்க்க வேறொருவர் நாட்டில் இல்லை. ஆகவே தம்மைத் தாமே சந்தேகித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். நாலு அங்குலத்தை அவர் விழுங்கியிருந்தாலும் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் அந்த நாலு அங்குலம்தான் அவருடைய நூற்றுக்கணக்கான மைல்களுக்குச் சாட்சிக் கையெழுத்து.

என் தொழிலையும் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறேன். கதை எழுதுகிறவனும் முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டுதான் எழுதுகிறான். நல்லவள் வெல்ல வேண்டும், கெட்டவன் திருந்த வேண்டும் என்று கரும்பலகையில் எழுதி வைத்துக்கொண்டு, அதற்குத் தோதாகச் சம்பவங்களை 40.0, 40.2 என்று கலைத்துப் போடுகிறான். வாசகர்கள் 'நன்று' என்று எழுதி அனுப்புகிறார்கள். எப்போதாவது ஒரு பாத்திரம் நான் நினைத்த இடத்துக்கு வராமல் ஒன்பது பத்துத் தள்ளிப் போய் நிற்கும். முன்பெல்லாம் அதை இழுத்துக்கொண்டு வந்து சேர்ப்பேன். இப்போது சில நாளாக அங்கேயே விட்டுப் பார்க்கிறேன். அப்படி விட்ட கதைகளில்தான் எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது.

பட்டறைக்கு நண்பன் திரும்பி வந்தான். மோட்டாரைப் பிரித்துப் பார்த்து, பேரிங் போய்விட்டது என்றான். அவன் கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் சொன்னேன்: "அன்னிக்கு ஊசல் சோதனையிலே கவனமாப் பண்ணினேன்னு உங்கிட்டச் சொன்னேனே, அது பொய்ப்பா. எனக்கும் உன்னாட்டத்தான் வந்துது. நான் திருத்தி எழுதினேன்."

அவன் துடைப்பதை நிறுத்தினான். "அப்படியா? நாலு நாள் சாயங்காலம் ஆட்டிப் பாத்தேன். என்ற கைதான் சரியில்லைன்னு நெனைச்சுட்டேன்" என்றான்.

பிறகு, 981 நம் ஊர்க் கணக்கே இல்லை என்பதையும், 978 என்பதையும் சொன்னேன். காதிலிருந்த பென்சிலை எடுத்து ஒரு பழைய படத்தின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தான். ஐந்தில் ஒரு வினாடிக்கு எவ்வளவு என்று நான் சொல்லாமலே அவனே போட்டுவிட்டான்.

"அப்ப ஆட்டத்துக்குள்ளதான் இருந்திருக்குது" என்றான். கோபமுமில்லை, சந்தோஷமுமில்லை. தண்டை அளந்து பார்த்துச் சரி என்று வைக்கிற குரல்தான். பையனைக் கூப்பிட்டு இரண்டு டீ சொன்னான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "அது அன்னைக்கே தெரிஞ்சிருந்தா நீ படிப்பை விட்டிருக்க மாட்டியோ?" என்று கேட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "அதை எப்படிச் சொல்றது? அந்த வருஷந்தான் அப்பா போனாரு. கெணத்துலே தண்ணி இல்லே. கடன் வேறே. அதுலே இது எத்தனை பங்கோ!" என்றான்.

எத்தனை பங்கு என்று எனக்கும் தெரியாது. என் பொய்யினால்தான் ஒருவன் படிப்பு நின்றது என்று எழுதினால் அழகான கதையாகும். ஆனால் அதுவும் விடையை முதலில் எழுதிக்கொண்டு போடுகிற கணக்குத்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதினால் எனக்கு ராத்திரி நல்ல தூக்கம் வரும். நூற்றில் ஒரு பங்காக இருக்கலாம், ஏழெட்டாக இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். அதை அளக்க எந்தக் கருவியும் இல்லை. பூஜ்யம் என்று மட்டும் நான் எழுதப் போவதில்லை.